மாதிரித் தூசு

வீட்டுக்கு ஒரு வாக்குவம் கிளீனர் தேவை என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. தேவையில்லாத வீடுகளில்கூட அது இருக்கிறது. பரண்மேல், வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே, ஒரு பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு, "எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கே" என்று சொல்லிக்கொள்வதற்காக இருக்கிறது. என் அக்காவுக்கோ அது உண்மையாகவே தேவைப்பட்டது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த நடைமேடையிலிருந்து எங்கே போகிறது என்று சொல்வது அவள் வேலை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள்கூடச் சற்று நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அப்படி ஒரு குரல். அந்தக் குரலுக்குத்தான் ஆபத்து வந்தது. வீட்டுத் தூசு அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய், மூக்கும் தொண்டையும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன.

"நான்காவது நடைமேடையிலிருந்து அச்சூ வழியாக அச்சூ வரை செல்லும் பேருந்து புறப்படத் தயாராக அச்சூ."

ஊர்ப்பெயர் வரும் இடத்தில்தான் தும்மலும் வரும். பயணிகள் ஒரு குத்துமதிப்பாக ஏறினார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் வேறொரு ஊரில் இறங்கி, வேறு யார் கல்யாணத்திலோ வயிறாரச் சாப்பிட்டு, மணமக்களோடு படமும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. அவர்கள் புகார் கொடுக்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்ததாம். ஆனால் கல்யாணத்துக்கு அழைத்தவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

நிலைய மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க குரலுக்கு நான் அடிமைம்மா. ஆனா மேலிடத்துல பதிவு பண்ண குரலைப் போட்டுடலாம்னு சொல்றாங்க. இப்ப எல்லா ஊர்லயும் அதான் ஃபேஷனாம். அது தும்மாதாம்" என்றார்.

டாக்டர் விஷயத்தை இன்னும் சுருக்கினார். "தூசிதான். துடைப்பம் அதைக் கிளப்பித்தான் விடும். உறிஞ்சுற மெஷின் ஒண்ணு வாங்குங்க, குரல் தானா வந்துடும்."

ஆக, அக்காவின் வேலை ஒரு வாக்குவம் கிளீனரில் வந்து நின்றது. சாதாரண வீடாக இருந்தால் அன்று சாயங்காலமே கடைக்குப் போய் வாங்கி வந்திருப்பார்கள். அக்கா வாழ்க்கைப்பட்டது சாதாரண வீட்டில் அல்ல.

என் அத்தான் அதே பேருந்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்தில், கொள்முதல் பிரிவின் கண்காணிப்பாளர். பணியில் சேர்ந்த நாள் முதல் தணிக்கையில் அவர்மேல் ஒரு குறைகூட எழுதப்பட்டதில்லை. எதையாவது வாங்கினால்தானே குறை எழுதுவார்கள்? பேருந்துகளுக்கு டயர் வேண்டும் என்று வந்த கோப்பு அவர் மேசையில் நெடுங்காலமாக உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டு வந்தது. டயர் தேய்வது சாலையாலா ஓட்டுநராலா என்று கண்டறிய ஒரு துணைக்குழு இருந்தது. அது கண்டறியும்வரை பணிமனையில் பாதிப் பேருந்துகள் செங்கல்மேல் நின்றன. நின்ற பேருந்துகளின் டயர் தேயவில்லை என்பதைக் குழு ஒரு முன்னேற்றமாகப் பதிவு செய்திருந்தது.

இந்த மனிதரிடம்தான் அக்கா சொன்னாள். "ஏங்க, இன்னைக்கு லீவுதானே. கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடலாமா?"

அத்தான் செய்தித்தாளை மடித்து வைத்தார். "கடைக்குப் போயி... வாங்கிட்டு வந்துடறதா?"

"ஆமா."

"எதோட ஒப்பிட்டு?"

"எதோடயும் இல்ல. தூசி எடுத்தாப் போதும்."

"இப்படித்தான் குடும்பங்கள் நாசமாப் போகுது" என்றார் அத்தான். அன்று மதியமே குழு அமைக்கப்பட்டது.

தலைவர், அத்தான். தொழில்நுட்ப உறுப்பினர், அவர் மகள். கல்லூரியில் படிக்கிறாள், எந்நேரமும் கையில் போன் இருப்பதால் அந்தத் தகுதி. பொதுமக்கள் பிரதிநிதி, நான். நான் மாடியில் குடியிருக்கிறேன், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுப்பவன் என்பதால் என்னிடம் ஒரு தெளிவு இருக்கும் என்று அத்தான் நம்பினார். பாவம், அவரும் எவ்வளவுதான் தவறு செய்வார்.

"நான்?" என்று அக்கா கேட்டாள்.

"நீ பயனாளி" என்றார் அத்தான். "பயனாளி குழுவுல உக்காந்தா நடுநிலை கெட்டுடும். நீ காபி கொண்டு வரலாம்."

முதல் கூட்டத்தில் மகள் பேசினாள். "அப்பா, இப்பல்லாம் யாரும் வாக்குவம்னு சொல்றதில்ல. ஃப்ளோர் கேர்." போனில் ஒரு காணொளியைக் காட்டினாள். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, நடுவில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண். கையில் சாம்பல் நிறத்தில் ஒரு மெலிந்த கருவி. தியானம் செய்வதுபோல் அதை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தாள். பின்னணியில் புல்லாங்குழல்.

"அந்த வீட்டுல தூசியே இல்லையே. எதுக்கு மெஷின்?" என்று நான் கேட்டேன்.

"அது ஈஸ்தெட்டிக், மாமா. தூசி இருக்கிற வீட்டுல அதை எடுத்தா வீடியோ நல்லாவா இருக்கும்?"

அந்தக் காணொளியை லட்சக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள். அத்தனை பேர் வீட்டிலும் அந்த நேரத்தில் யாரும் பெருக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அத்தானுக்கு ஃபேஷனில் அக்கறை இல்லை. அவர் கவலை நேர்மை. "மூணு நிறுவனம் வந்து செய்து காட்டப் போகுது. மூணு பேருக்கும் ஒரே அளவு, ஒரே தரம், ஒரே மாதிரி தூசி இருக்கணும். ஒருத்தனுக்கு அதிகம், ஒருத்தனுக்குக் குறைவுன்னா நாளைக்குக் கேள்வி வரும்."

"யாரு கேப்பா, அத்தான்? நம்ம வீடுதானே?"

"மாப்ளே, கேக்க ஆள் இல்லன்னு ஆரம்பிச்சவங்கதான் எல்லாரும் மாட்டினாங்க."

எனவே வீட்டில் தற்போதைய நிலை பேணப்பட வேண்டும் என்று உத்தரவாயிற்று. மறு உத்தரவு வரும்வரை பெருக்குதல், துடைத்தல், தட்டுதல், உதறுதல் ஆகியவை நிறுத்தி வைக்கப்பட்டன. துடைப்பம் பீரோவுக்குள் போயிற்று. ஈரத்துணியால் தன் படுக்கையைச் சுற்றி மட்டுமாவது துடைத்துக்கொள்கிறேன் என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள். அது சான்றை அழிப்பதாகும் என்று விளக்கப்பட்டது.

நிறுவனங்கள் உடனே வந்துவிடவில்லை. அத்தான் அழைப்பை எழுதி, திருத்தி, திருத்தியதைத் திருத்தி அனுப்பினார். அதற்குள் வீடு தன் போக்கில் வளர்ந்தது. நடந்தால் கால்தடம் விழுந்தது. யார் எப்போது சமையலறைக்குப் போனார்கள் என்பதைத் தரையைப் பார்த்தே சொல்லலாம். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் மூடுபனிக்குள் நின்று பேசினார். மகள் மறந்து போகாமல் இருக்க கடவுச்சொற்களை அலமாரிக் கண்ணாடிமேல் விரலால் எழுதி வைத்தாள். அக்கா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சமைத்தாள். அதைக் கழற்றித் தும்மிவிட்டு மறுபடி கட்டிக்கொண்டாள். மாடியில் இருந்தபடி அந்தத் தும்மலைக் கேட்கும்போது, என் வீட்டுத் துடைப்பத்தோடு கீழே இறங்கிவிடலாமா என்று தோன்றும். ஆனாலும் நான் குழு உறுப்பினர்.

முதல் நிறுவனத்தின் ஆள் வந்தார். கழுத்தில் டை, மழமழவென்ற முகம், கையில் ஒரு குட்டி யானை அளவு எந்திரம். வாசலில் கால் வைத்ததும் அவர் கண்கள் கலங்கின. ஆனந்தத்தால். இப்படி ஒரு வீட்டை அவர் தொழிலில் கண்டதே இல்லையாம்.

எந்திரம் உறுமியது. அவர் கூடத்தின் ஒரு மூலையில் ஆரம்பித்து மறு மூலையில் முடித்தார். தரை பச்சை நிறம் என்பது எங்களுக்கு ஞாபகம் வந்தது. சோபாவின் பூக்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. எந்திரம் நின்றதும் வீடே கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

சத்தம் நின்றதைக் கேட்டு அக்கா உள்ளேயிருந்து வந்தாள். துணியை அவிழ்த்தாள். கூடத்தின் நடுவில் நின்று ஒரு மூச்சு இழுத்தாள். தும்மல் வரவில்லை. இன்னொரு மூச்சு. அதுவும் தும்மலில்லாமல் போய் வந்தது. பிறகு, யாரையும் பார்க்காமல், மெல்லச் சொன்னாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

அந்தப் பழைய குரல். விற்பனையாளர்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், "இதையே வாங்கிடுங்க" என்றாள்.

"பில் போட்டுடலாமா சார்?" என்றார் விற்பனையாளர்.

"ரொம்ப நன்றி" என்றார் அத்தான். "இப்ப கொட்டுங்க."

"என்னது சார்?"

"தூசியை. எடுத்த இடத்துலயே கொட்டிடுங்க. அடுத்த நிறுவனம் வரப்போகுது."

விற்பனையாளர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"சார், எத்தனையோ வீடு ஏறி இறங்கியிருக்கேன். வேணாம்னு சொன்னவங்க உண்டு, நாயை அவுத்து விட்டவங்க உண்டு. திரும்பக் கொட்டச் சொன்னவங்க யாருமில்ல."

"அதான் நாட்டுல இவ்வளவு ஊழல்" என்றார் அத்தான்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க. ஒரே ஒரு நாள் இப்படியே இருக்கட்டுமே. நாளைக்கு நான் ஒழுங்காப் பேசிடுவேன். மேலாளர் கேப்பாரு."

அத்தானுக்கு மனம் இல்லாமல் இல்லை. அவர் முகம் ஒரு கணம் இளகியதை நான் பார்த்தேன். "என் சொந்த விஷயமா இருந்தா விட்டுக்கொடுத்துடுவேன்மா" என்றார். "இது குழு விஷயம்."

கொட்டினார்கள். குவியலாகக் கிடந்தால் அடுத்தவனுக்குச் சலுகையாகிவிடும் என்று, அக்கா மாவு சலிக்கும் சல்லடையை எடுத்து வந்து அத்தானே சலித்துப் பரப்பினார். கட்டிலுக்குக் கீழே, நாற்காலிக்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில், எங்கும் ஒரே சீராக. வேலையில் அவரிடம் குறை சொல்ல முடியாது. தூசு தானாகச் சேர்ந்தபோதுகூட அவ்வளவு நேர்த்தியாகச் சேரவில்லை. அக்கா தும்மிக்கொண்டே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டாவது நிறுவனம் கொண்டுவந்தது அந்தக் காணொளிப் பெண்ணின் கையில் இருந்த அதே மெலிந்த கருவி. முனையில் ஒரு பச்சை விளக்கு. அந்த வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசுகூடத் தெரியுமாம். தெரிகிற தூசையே என்ன செய்வது என்று தெரியாத வீட்டில் அது தேவையா என்று நான் கேட்கவில்லை. மகள் அதைப் பிடித்தபடி பலவிதமாக நின்று படம் எடுத்துக்கொண்டாள். கருவிக்குச் சுவரில் மாட்ட ஓர் அழகான தாங்கி உண்டு. அதைக் கூடத்தில் எந்தச் சுவரில் மாட்டினால் வருகிறவர்கள் முதலில் பார்ப்பார்கள் என்று நீண்ட விவாதம் நடந்தது. தூசு எடுக்கிறதா என்று முழுதாகப் பார்ப்பதற்குள் அதன் மின்கலம் தீர்ந்துவிட்டது. அப்படியும் பாதிக் கூடத்தை அது எடுத்துவிட்டது. அதைத் திரும்பக் கொட்டி, சமையலறைத் தராசில் எடை போட்டபோதுதான் பெரிய நெருக்கடி. தூசு குறைந்தது. கருவியின் வடிகட்டி கொஞ்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

"இருப்புல பற்றாக்குறை" என்றார் அத்தான், வெளிறிப் போய். "மூணாவது ஆளுக்கு நாம எப்படி நியாயம் செய்வோம்?"

என் மாடி வீட்டுத் தூசைக் கொடுக்க முன்வந்தேன். பரிசோதித்துப் பார்த்து, அதில் நூல் அதிகம் என்று தலைவர் தயங்கினார். இதற்குள் விஷயம் தெருவில் பரவிவிட்டது. சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? எதிர்வீட்டுத் தையற்காரர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "எங்க வீட்டுத் தூசி ரொம்ப நைசு. எடுத்துக்கங்க. செலக்ஷன் முடிஞ்சதும் எது நல்ல மெஷின்னு சொல்லுங்க, நாங்களும் அதையே வாங்கிடறோம்." பக்கத்து வீட்டு வக்கீலம்மா அதைவிட நைசானதைக் கொண்டுவந்தார், அவர்கள் வீட்டில் புத்தகம் அதிகமாம், எல்லாம் சட்டப்புத்தகத் தூசாம். தெருவில் ஒருவரை ஒருவர் விஞ்சிக்கொண்டு தூசு வந்து சேர்ந்தது. பற்றாக்குறை போய் உபரி ஏற்பட்டது. உபரியைத் திருப்பி அனுப்ப விதி இல்லாததால் அதையும் பரப்பினோம்.

அக்காவின் தும்மல் இப்போது இருமலாக மாறியிருந்தது. மேலாளர் பதிவுக் குரலுக்கு ஆள் வரச் சொல்லிவிட்டார். அக்கா அதை அத்தானிடம் சொன்னபோது, "எத்தனை குரலை ஒப்பிட்டுப் பாத்தாங்களாம்?" என்று அவர் அக்கறையோடு விசாரித்தார்.

மூன்றாவது நிறுவனத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். பெட்டியைத் திறந்து தட்டையாக, வட்டமாக ஒரு பொருளை எடுத்துத் தரையில் வைத்தாள். அது தானாகவே ஓடித் தூசு எடுக்கும். வீட்டின் வரைபடத்தைத் தானே போட்டுக்கொள்ளும். போனில் அதற்கொரு செயலி. அது நம்மோடு பேசும், நம் நலம் விசாரிக்கும்.

தூசுக்குள் அரை அடி ஓடிய அது, மூச்சு வாங்கி நின்றது.

"தரை கொஞ்சம் அழுக்கா இருக்கு சார்" என்றாள் அந்தப் பெண் பணிவாக. "முதல்ல ஒரு தடவை நல்லாப் பெருக்கி, துடைச்சு வச்சீங்கன்னா, அப்புறம் இது சூப்பரா சுத்தம் பண்ணும்."

"பெருக்கி வச்சப்புறம் இது எதுக்கு?" என்றேன்.

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். மகளும் அதே இரக்கத்தோடு பார்த்தாள்.

எப்படியோ அது தத்தித் தத்திக் கூடத்தைச் சுற்றி வந்து வரைபடத்தைப் போட்டு முடித்தது. எல்லோரும் போனைச் சுற்றிக் குனிந்தோம். என்ன துல்லியம்! இதோ சோபா, இதோ மேசை, இதோ பீரோ. ஒவ்வொன்றின்மேலும் பெயர். கூடத்தின் மூலையில், நாற்காலிமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருமியபடி அக்கா உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் ஒரு சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் எழுதியிருந்தது: தடை.

"பாத்தியா, எவ்வளவு கரெக்டாப் போட்டிருக்கு!" என்று அத்தான் போனை அக்காவிடம் காட்டினார். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஓர் ஆவணம் ஒழுங்காக இருந்தால் அவருக்கு ஆனந்தம், அவ்வளவுதான்.

அக்கா போனைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள், அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். ஒரு பையோடு வெளியே வந்தாள். தூசில் அவள் காலடி வாசல்வரை ஒரே கோடாகப் போயிற்று.

போனில் மணி அடித்தது. சிவப்பு வட்டம் மறைந்து, பச்சையில் எழுத்து வந்தது: தடை நீங்கியது. பணியைத் தொடரலாம்.

பணி தொடர்ந்தது என்பதுதான் கேவலம். அக்கா போன பிறகும் குழு கூடியது. பயனாளி இல்லாத நிலையில் தேவை உள்ளதா என்று ஒரு துணைக் கேள்வி எழுந்தது. காபி வரவில்லை என்பது தனியாகக் குறிக்கப்பட்டது. ஆனால் அத்தானுக்கு எதிலும் மனம் ஓடவில்லை. காபித்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, கடைசி டப்பாவையும் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் அப்படியே நின்றிருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"வா மாப்ளே, போய்க் கூட்டிட்டு வந்துடலாம்." கையில் ஒப்பீட்டு அட்டவணை இருந்த கோப்பையும் எடுத்துக்கொண்டார். மனைவியைச் சமாதானப்படுத்த அவரிடம் வேறு எதுவும் இல்லை.

பேருந்து நிலையத்துக்குள் நுழையும்போதே குரல் கேட்டது. தும்மல் இல்லை, இருமல் இல்லை. ஊர்ப்பெயர்கள் வரிசையாக, உடையாமல், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதுபோல் வந்தன. அத்தான் கேட்டுக்கொண்டே சற்று நின்றார். அறிவிப்பு அறையின் சின்ன ஜன்னலுக்குப் போனோம். அக்கா மைக்கை அணைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"குரல் நல்லா இருக்கு" என்றார் அத்தான்.

"ஆமா. பதிவுக் குரல் வேணாம்னு மேலாளர் சொல்லிட்டாரு. டிக்கெட் கவுண்டர்ல இருக்கிற என் தோழி ரூம்ல தங்கியிருக்கேன். ஒரு மெஷின் வாங்கினேன்."

அத்தான் கோப்பைத் திறந்துவிட்டார். பழக்கதோஷம். "எந்த நிறுவனம்?"

"பாக்கல."

"எத்தனை வாட்?"

"தெரியாது. கடையில முன்னாடி இருந்துச்சு. எடுத்துட்டு வந்தேன். தூசி எடுக்குது."

"வேற என்ன விசேஷ அம்சம்?"

"எடுத்ததைத் திரும்பக் கொட்டச் சொல்ல அங்க யாருமில்ல" என்றாள் அக்கா.

அத்தான் பேனாவை மூடினார். "வீட்டுக்கு வா" என்றார். அந்தக் குரலில் அலுவலகம் இல்லை.

"வரேன். வீட்டுல நடந்தா கால்தடம் விழக்கூடாது. என்னைக்கு அப்படி இருக்கோ, அன்னைக்கு வரேன். இன்னைக்கே இருந்தாலும் இன்னைக்கே வரேன். துடைப்பம் பீரோவுலதான் இருக்கு." அவள் ஜன்னலைச் சாத்தவில்லை. முகத்தில் கோபம்கூட இல்லை. இதற்குமேல் ஒரு மனுஷி என்ன இறங்கி வர முடியும்?

அத்தான் தலையாட்டினார். "அடுத்த பஸ்ல போறோம். போய்ப் பெருக்கிடறேன். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்." நான் அவரை அப்போது கட்டிக்கொண்டிருப்பேன், அவர் கையில் அந்தக் கோப்பு இல்லாதிருந்தால்.

நடைமேடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். கூட்டம் நிறைய. டயர் இல்லாத காரணத்தால் எங்கள் வழித்தடத்தில் ஒரே ஒரு பேருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் மடியில் கோப்பு இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வாக்குவம் கிளீனரா? எங்க மருமகளும் கேட்டுட்டே இருக்கா. எது சார் நல்லது?"

அத்தான் ஒரு நொடி தயங்கினார். அவ்வளவுதான் தயங்கினார். "அதை அப்படி ஒரு வார்த்தையில சொல்லிட முடியாது" என்று அட்டவணையைப் பிரித்தார்.

முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நின்றவர்கள் குனிந்தார்கள். பையோடு வந்த ஒரு செவிலியர், "கையால தள்ளுறதை விட்டுடுங்க சார், தானா ஓடுற அந்த ரோபோ எப்படி?" என்றார். ஒருவர் தன் மைத்துனர் வீட்டில் உள்ளது சத்தம் போடுகிறது என்றார். சத்தம் போட்டால்தான் இழுவை அதிகம் என்றார் இன்னொருவர். பச்சை விளக்கு வேண்டுமா வேண்டாமா என்பதில் கட்சி பிரிந்தது. மின்கலம் பற்றி நானும் என் கருத்தைச் சொன்னேன். அவர்கள் கண்ணில் இருந்த ஒளியை நான் கண்ணாடிக் கடையில் யாரிடமும் பார்த்ததில்லை.

எங்கள் தலைக்கு மேலே ஒரு குரல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. திரும்பச் சொன்னது. இன்னொரு தடவை, பொறுமையாக, ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னது. குரல் நன்றாக இருக்கிறதே என்றுகூட யாரோ சொன்னார்கள்.

நிமிர்ந்து பார்த்தபோது பேருந்து வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஓட்டுநரையும் நடத்துநரையும் தவிர ஆளில்லை.

கூட்டம் கொதித்தது. "அறிவிப்பே செய்யலையே! என்ன நிர்வாகம் இது!" எல்லோரும் திரண்டு ஜன்னலுக்குப் போனோம். முன்னால் அத்தான். அவரைக் கூட்டம் முன்னால் தள்ளியிருந்தது.

"பஸ் வந்ததைச் சொல்ல மாட்டீங்களாம்மா?" என்று பெரியவர் கத்தினார்.

"மூணு தடவை சொன்னேன்" என்றாள் அக்கா. அவள் பார்வை அத்தான் கையில் விரிந்திருந்த அட்டவணையில் இருந்தது.

"அடுத்த பஸ் எப்ப?"

அக்கா மைக்கைத் திறந்தாள். நிலையம் முழுக்க அந்தக் குரல், தெள்ளத்தெளிவாக.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்த வழித்தடத்தில் அடுத்த பேருந்து, அதற்கு டயர் வாங்கப்பட்டதும் புறப்படும்."

பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

கூட்டம் ஜன்னலைத் தட்டிப் பார்த்தது. பிறகு செவிலியர் கேட்டார். "யாரு சார் அந்த டயர் வாங்குற ஆளு?" பெரியவர் சட்டைக் கையை மடக்கினார். "எவன்னு தெரிஞ்சா இங்கயே உரிச்சுடலாம்."

அத்தான் தொண்டையைச் செருமினார். "அதுக்கெல்லாம் ஒரு குழு இருக்கு" என்றார்.

"குழு போட்டிருக்காங்களா?"

"துணைக்குழுவும் இருக்கு."

"அப்ப சரி" என்றார் பெரியவர், மடக்கிய கையை இறக்கிவிட்டுக்கொண்டு. "முறைப்படிதான் நடக்குது." எல்லோர் முகத்திலும் நிம்மதி பரவியது. ஒவ்வொருவராகத் திரும்பிப் போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

பெஞ்சில் தூசு இருந்தது. கைக்குட்டையால் தட்டினேன். அது கிளம்பி, சற்று அலைந்து, எல்லோர்மேலும் சமமாக இறங்கியது. பெரியவர் தும்மினார். தும்மி முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அத்தான் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார். அந்த மூணாவது மெஷினைப் பத்திச் சொல்லிட்டிருந்தீங்களே."

அத்தான் சாத்திய ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அட்டவணையை விரித்தார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நானும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டேன்.